செம்மண் சரளையில் பைக் தடுமாறுகிறதா? உகாண்டாவில் ஓட்டப் பழகுவோருக்கு அறிகுறி வாரியாகத் தீர்வு

ஜின்ஜா பக்கத்துக் கரும்புத் தோட்டமோ, மசிண்டிப் பக்கத்துப் பண்ணையோ, கபாலே மலையில் ஒரு பள்ளிக்கூடமோ, உகாண்டாவில் வேலை எங்கே கிடைத்தாலும் தார் ரோடு ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் சிவப்பு மண்தான். ஊர்க்காரர்கள் அதை மர்ரம் என்கிறார்கள். நம் ஊரில் முரம்பு, செம்மண் சரளை என்று சொல்வோமே, அதே வகை.

வண்டியும் நமக்குப் புதிதல்ல. போடா போடா எனப்படும் பைக் டாக்சி ஓட்டுபவர்களிடம் பஜாஜ் பாக்ஸர் ஏராளம். ஓசூர்க் கம்பெனியான டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸும் நிறைய. இடப்பக்கப் போக்குவரத்து. எல்லாம் பழகியதுபோல் இருப்பதால்தான் தார் ரோட்டுப் பழக்கத்தோடு மர்ரத்தில் இறங்கி விழுகிறார்கள். ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம். பர்மிட்டில், அதாவது ஓட்டுநர் உரிமத்தில், பைக்குக்கான வகுப்பு ஏற்றியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே சொல்வதெல்லாம் 100 முதல் 150 சிசி வரையுள்ள, ட்ரம் பிரேக்கும் ஸ்போக்ஸ் சக்கரமும் டியூப் டயரும் கொண்ட வண்டிகளுக்கு. எந்த அறிகுறியானாலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: உடம்பின் பாரம் காலில் இருக்க வேண்டும், கையில் ஏறக்கூடாது. கையில் பாரம் ஏறினால் முன்சக்கரத்தை நாமே கட்டிப்போடுகிறோம்.

முதலில் இது: கோளாறு வண்டியிலா, கையிலா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் பழகினால், வண்டியின் கோளாறுக்கு நம் கையைத் திட்டிக்கொண்டிருப்போம். பத்து நிமிட வேலைதான்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் தட்டினால் அது தன் எடையில் இரு பக்கமும் சாய வேண்டும். நடுவில் வந்ததும் ‘டொக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங், தேய்ந்துவிட்டது. அந்த வண்டி மணலில் நேராகப் போகாது, மாற்றித்தான் ஆக வேண்டும். பிறகு ஃபோர்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கோன்செட் நட்டு தளர்ந்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடத்தால் அது வீல் பேரிங்.

அடுத்து காற்று. தார் ரோட்டுக்குச் சொல்லியிருக்கும் அளவிலிருந்து 3 அல்லது 4 பிஎஸ்ஐ குறைத்தால் சரளையில் பிடிப்பு கூடும். டியூப் டயரில் அதற்கும் கீழே போகாதீர்கள். முன்னால் 20-க்குக் கீழே இறங்கினால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும்.

கியர் முறையையும் பாருங்கள். சில வண்டிகளில் எல்லாக் கியரும் முன்னால் மிதித்தே விழும். சிலவற்றில் ஒன்று கீழே, மற்றவை மேலே. ஏற்றத்தின் நடுவில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தால் கோளாறு கையில்தான். அது வெட்கப்பட வேண்டியதில்லை, திருத்திவிடலாம்.

சரளையில் முன்சக்கரம் மிதக்கிறது, ஹேண்டில் தானே ஆடுகிறது

ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் முதல் புகார். உதிரிக் கல்லின் மேல் டயர் உருளும்போது ஒவ்வொரு கல்லும் அதைக் கொஞ்சம் தள்ளும். தள்ளிய சக்கரம் தானே நேருக்கு வந்துவிடும். ஃபோர்க்கின் சாய்வு அப்படி அமைந்தது. பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் அது நேருக்கு வர விடாமல் நாம் தடுக்கிறோம். பயந்து ஆக்சிலேட்டரையும் சட்டென்று மூடினால் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து, மிதந்த சக்கரம் இப்போது புதையும். விழுவது அந்த நொடியில்தான்.

முழங்காலால் டேங்க்கைக் கவ்வுங்கள். பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்தி, இருக்கையிலிருந்து ஒரு விரல்கடை உடம்பைத் தூக்குங்கள். முழங்கை வெளியே மடங்கியிருக்கட்டும். ஹேண்டிலைச் சிறு பறவையைப் பிடித்ததுபோல் பிடித்தால் போதும், பறந்துவிடவும் கூடாது, நசுங்கவும் கூடாது. ஆக்சிலேட்டர் ஒரே சீராக, கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். பார்வை சக்கரத்துக்கு முன்னால் விழக்கூடாது. 15, 20 மீட்டர் தள்ளிப் பாருங்கள். எந்தக் கல்லைப் பயந்து பார்க்கிறீர்களோ அந்தக் கல்லின் மேல்தான் வண்டி ஏறும்.

பழகுவதற்கு ரோடு வேண்டாம். மாலையில் பிள்ளைகள் விளையாடாத நேரத்தில் ஏதாவது பள்ளிக்கூட மைதானம் போதும். முதல் கியரில் 10 கி.மீ. வேகத்தில் எட்டுப் போடுங்கள், இருபது முறை உட்கார்ந்து, இருபது முறை நின்றுகொண்டு. நின்று ஓட்டும்போது மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தால் பிரேக், கிளட்ச் பிடிகளின் கிளாம்பைத் தளர்த்தி, நீட்டிய விரலும் முழங்கையும் ஒரே கோட்டில் வருமளவு கீழே திருப்பி முறுக்குங்கள். இந்தச் சின்னத் திருத்தம் ஒரு வாரப் பயிற்சிக்குச் சமம்.

பின்னால் 20 லிட்டர் ஜெரிகேனில் தண்ணீர் கட்டிக்கொண்டு போகும்போது மட்டும் மிதக்கிறது என்றால் காரணம் வேறு. 20 கிலோ பாரம் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, முன்சக்கரம் லேசாகிவிட்டது. கேனைப் பின்னிருக்கையின் மேலேயே முன்தள்ளிக் கட்டுங்கள்.

லாரிக்கு வழிவிடத் தடம் மாறும்போது சறுக்குகிறது

மர்ரம் ரோட்டை ஓரமாக நின்று கவனித்தால் அதன் அமைப்பு தெரியும். வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிப் பளபளப்பான இரண்டு தடங்கள். நடுவிலும் ஓரத்திலும் அங்கிருந்து தள்ளப்பட்ட உதிரிக் கல் வரப்புபோல் நிற்கும். தடத்துக்குள் ஓடும்வரை சுகம். வரப்பைச் சாய்வாக, தயங்கித் தயங்கிக் கடக்கப் பார்த்தால் முன்டயர் வரப்பை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகும்.

எதிரே லாரி தூரத்தில் தெரியும்போதே முடிவெடுங்கள். வேகத்தை 20-க்குக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்து, வரப்பைக் கூடியவரை குறுக்காக வெட்டுங்கள். கடக்கும் கணத்தில் ஆக்சிலேட்டரைத் துளி கூட்டினால் முன்சக்கரம் லேசாகி ஏறிவிடும். லாரி கிளப்பும் புழுதிக்குள் முந்தப் போகாதீர்கள். புழுதிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓரமாக நிறுத்திவிட்டு அரை நிமிடம் காத்திருந்தால் போதும். கரும்பு வெட்டுக் காலத்தில் டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழும் கரும்புத் துண்டு டயருக்கடியில் உருளும். தோட்டத்துப் பாதையில் அதைக் கல்லைவிட மோசமாக மதியுங்கள்.

வளைவில் வெளியே இழுத்துக்கொண்டு போனால் வேகம் வளைவுக்கு முன்பே குறையவில்லை என்று அர்த்தம். வளைவுக்குள் பிரேக் கூடாது. தார் ரோட்டில் வண்டியோடு சேர்ந்து சாய்வோம். இங்கே வண்டியை மட்டும் உள்ளே சாய்த்து, உடம்பை நிமிர்த்தி, வெளிப்பக்கக் காலால் ஃபுட்ரெஸ்ட்டை அழுத்த வேண்டும்.

மழை பெய்தால் வண்டி நேராகவே நிற்கவில்லை

தென் உகாண்டாவில் மார்ச் முதல் மே வரை, மறுபடி செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை. வடக்கே ஏப்ரல் வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். மழைக்கால மர்ரமும் வெயில்கால மர்ரமும் இரண்டு வேறு ரோடுகள்.

மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் மிக மோசம். மேலே படிந்திருந்த மெல்லிய செம்பொடி தண்ணீரில் குழைந்து, எண்ணெய் தடவிய தட்டுபோல் ஆகிவிடும். அடியில் ரோடு இறுக்கமாகவே இருக்கும், டயர் அதைத் தொடாது. கனமழை அந்தக் குழைவைக் கழுவிவிட்டால் அடியிலுள்ள கல் தலைகாட்டிப் பிடிப்புத் திரும்பும். மழை நின்று ஓரிரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் வருஷத்திலேயே அதுதான் நல்ல ரோடு: புழுதியும் இல்லை, கல்லும் உதிராது. மேகம் கறுத்தவுடன் போடா போடாக்காரர்கள் எல்லோரும் பெட்ரோல் பங்க்கிலும் கடைத் தாழ்வாரத்திலும் ஒதுங்குவது வெறுமனே நனையாமல் இருக்க என்று நினைக்காதீர்கள். நீங்களும் ஒதுங்குங்கள்.

போய்த்தான் ஆக வேண்டுமென்றால் முதல் அல்லது இரண்டாவது கியரில், 10, 15 கி.மீ. வேகம். இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தேய்த்துக்கொண்டு போகத் தோன்றும். நடை வேகத்துக்குக் கீழே அது உதவும். அதற்கு மேல் கால் மாட்டி முறுக்கிக்கொள்ளும். முன்பிரேக்கைத் தொடாதீர்கள். பின்பிரேக்கையும் லேசாக விட்டு விட்டு அழுத்துங்கள், மற்றதை எஞ்சினே பிடிக்கும். ரோட்டின் நடு முதுகில் ஓட்டுங்கள்; ஓரச் சரிவில் இறங்கினால் வண்டி தானே வாய்க்காலைத் தேடிப் போகும். ரோட்டைச் சமப்படுத்தும் கிரேடர் இயந்திரம் புதிதாகச் சீவிப்போட்ட மண்ணில் மழை பெய்திருந்தால் அன்று அந்தப் பாதையே வேண்டாம். வடகிழக்கே கரமோஜா பக்கத்துக் கரிசல் மண்ணுக்கும் இதே தீர்ப்பு: நனைந்துவிட்டால் காயும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

சேற்றில் மாட்டினால் சுற்றியிருப்பவர்கள் வந்து தள்ளுவார்கள். உள்ளூர் மொழியான லுகாண்டாவில் ‘ம்போலா ம்போலா’ என்றால் மெல்ல மெல்ல. தள்ளுபவர்கள் அதைச் சொல்லும்போது ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள், அவர்கள் முகமெல்லாம் சேறாகும்.

சேற்றில் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்கிறது

இது ஓட்டும் பிழையன்று. நகரத்துக்காகச் செய்த மட்கார்டு டயரை ஒட்டி இருக்கிறது. பசைமண் டயரில் ஏறி, மட்கார்டுக்குள் அடைந்து, வைக்கோல் கலந்தால் செங்கல்போல் இறுகும். முன்சக்கரம் பூட்டினால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

வண்டி கனப்பதுபோல் தோன்றியதும் நிறுத்தி, ஒரு குச்சியால் அடைப்பைக் குத்தி எடுங்கள். சைடு பாக்ஸில் ஓர் அடி நீளக் கம்பி நிரந்தரமாக இருக்கட்டும். மழைக்காலம் முழுக்க ஓட்டுவதாக இருந்தால் முன்மட்கார்டு போல்ட்டுகளுக்கடியில் தடித்த வாஷரோ புஷ்ஷோ கொடுத்து 2 செ.மீ. உயர்த்தச் சொல்லுங்கள். உயர்த்திய பின் ஃபோர்க்கை முழுக்க அமுக்கிப் பார்க்க வேண்டும். மட்கார்டு மேலே ஹெட்லைட்டிலோ ஒயரிலோ இடிக்கக் கூடாது.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடுகிறது

கிசோரோ, ப்விண்டி காட்டோரம், எல்கான் மலைச் சரிவு, இங்கெல்லாம் வீட்டுப் பாதையே ஏற்றம்தான். நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஏறத் தொடங்கிய பிறகு கியர் குறைக்கப் பார்ப்பது. கிளட்சைப் பிடித்த அரை நொடியில் சேர்த்துவைத்த வேகம் போய்விடும். அடிவாரத்திலேயே இரண்டாவதா முதலா என்று முடிவெடுத்து, சந்தேகம் வந்தால் முதலாவதையே போட்டு, உடம்பை முன்னால் சாய்த்து, ஒரே சீரான ஆக்சிலேட்டரில் ஏறுங்கள். பின்சக்கரம் வெறுமனே சுற்றினால் ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. முன்சக்கரம் தூக்கினால் நெஞ்சை ஹேண்டில்வரை கொண்டுபோங்கள்.

நின்றே விட்டால் என்ன செய்வது? இதை ஆபத்து வருமுன் சிறிய சரிவில் பத்துத் தடவை பழகிவைக்க வேண்டும்.

முன்பிரேக்கை இறுக்குங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், முதல் கியரில் கிளட்சை விட்டுவிடுங்கள். இப்போது எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இடப்பக்கமாக இறங்கி நின்று, ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடியுங்கள். முன்பிரேக்கைச் சற்றே தளர்த்தி, கிளட்சை ஒரு துளி அமுக்கினால் வண்டி ஒரு சாண் பின்னால் உருளும்; உடனே கிளட்சை விடுங்கள், நின்றுவிடும். ஒவ்வோர் உருளலிலும் வால் இடப்பக்கம் வந்து, மூக்கு வலப்பக்கம் திரும்பும். நாலைந்து தடவையில் வண்டி சரிவுக்குக் குறுக்கே நிற்கும். நீங்கள் மேட்டுப் பக்கம் இருப்பீர்கள், வண்டி உங்கள் இடுப்பில் சாய்ந்திருக்கும். ஹேண்டிலை வலப்பக்கம் பள்ளத்தை நோக்கித் திருப்பி, ஏறி உட்கார்ந்து, அதே கியரில் இறங்கிப் போய் மறுபடி முயலுங்கள். பள்ளத்துப் பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்காதீர்கள். வண்டி சாய்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் மேலே விழும்.

இறக்கத்தில் பின்சக்கரம் இழுபடுகிறது, பிரேக் பிடி குறைந்துகொண்டே போகிறது

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள், ஒரே இறக்கத்தில் சேர்ந்து வரும்.

பின்சக்கரம் பூட்டி இழுபடுவது மிதி அதிகமானதால். இறக்கத்தில் பாரம் முன்னால் போய்விடுவதால் பின்டயருக்குப் பிடிப்புக் குறைவு. பெடலை விட்டு, மறுபடி பாதி அழுத்துங்கள். பயத்தில் கிளட்சையும் சேர்த்துப் பிடிப்பதுதான் பெரிய தவறு. பிடித்ததும் எஞ்சின் பிரேக் போய்விடும், முழு வேலையும் ட்ரம் தலையில் விழும். இறங்கும்போது கிளட்ச் பிடியில் விரலே வேண்டாம். முதலோ இரண்டாவதோ கியர், பின்னால் தள்ளிய உடம்பு, நேர்ப்பாதையில் மட்டும் இரு விரலால் மெதுவாக முன்பிரேக்.

பிரேக் போகப்போக மங்குவது சூட்டினால். நீண்ட இறக்கத்தில் அழுத்திக்கொண்டே வந்தால் ட்ரம் சூடேறி, அதனுள் அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ வழுக்கத் தொடங்கும். பெடல் கீழே கீழே போகும், கருகிய வாடை வரும். நிறுத்தி, 10 நிமிடம் ஆறவிடுங்கள். சுடும் ட்ரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் ட்ரம்மின் மேலுள்ள சிறு நெம்புகோலைப் பாருங்கள். பெடலை அழுத்தும்போது நெம்புகோலுக்கும் பிரேக் கம்பிக்கும் இடையிலான கோணம் செங்கோணத்தைத் தாண்டினால் ஷூ தேய்ந்துவிட்டது. நட்டை இறுக்கிச் சமாளிக்காமல் ஷூவை மாற்றுங்கள். பெடலில் 2 முதல் 3 செ.மீ. தளர்வு இருப்பது சரியான அளவு.

கை மரத்துப்போகிறது, ரோடு முழுக்க வரிவரியாகக் குலுக்குகிறது

சக்கரங்கள் குதித்துக் குதித்து மண்ணைக் குவித்ததால் வந்த அலைகள் இவை. பெரிய ஜீப்புகள் 70, 80-இல் அலையின் மேலேயே மிதந்து போவதைப் பார்த்து முயலாதீர்கள். சின்ன பைக்குக்கு அந்த வேகத்தில் பிரேக்கும் கிடையாது, திசையும் கிடையாது. 30-க்குள் வாருங்கள், எழுந்து நில்லுங்கள், ரோட்டின் விளிம்பில் பெரும்பாலும் ஒரு முழம் அகலத்தில் சமமான ஒற்றைத் தடம் இருக்கும், அதைத் தேடுங்கள். அதில் நடந்து வருகிறவர்களுக்கும் மிதிவண்டிக்கும் முதல் உரிமை. அரை மணிக்கொரு தடவை நிறுத்திக் கையை உதறுங்கள். மரத்த விரலால் பிரேக் பிடிக்கும் அளவு தெரியாது.

ஓடையைக் கடந்தபின் எஞ்சின் அணைந்துவிட்டது

கடப்பதற்கு முன் ஒரு குச்சியோடு நடந்து பாருங்கள். சக்கரத்தின் அச்சுக்கு மேலே தண்ணீர் இருந்தாலோ, நடக்கும்போதே கால் இழுபட்டாலோ திரும்பிவிடுங்கள். கடக்கும்போது முதல் கியர், நடைவேகத்தைவிடச் சற்று அதிகம், ஆக்சிலேட்டரை நடுவில் மூடக்கூடாது.

அணைந்த வண்டியை உடனே கிக் பண்ணாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்ட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை வடித்து, ஃபில்ட்டரைக் காயவையுங்கள். பிளக் ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காமல் பதினைந்து இருபது முறை கிக் பண்ணினால் உள்ளிருக்கும் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். கார்புரேட்டர் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, பழைய பெட்ரோலைக் கையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துமுத்தாக உருளும். பிறகு பிளக்கைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். கடைசியாக ஆயில்: பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் அதில் ஓட்டக்கூடாது, முழுக்க வடித்துப் புதிது ஊற்றுங்கள். இவ்வகை வண்டிகளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும்.

கிளம்பியவுடன் நூறு மீட்டர் தூரம் இரு பிரேக்கையும் லேசாக அழுத்தியபடி ஓட்டுங்கள். நனைந்த ட்ரம் முதல் அழுத்தத்தில் பிடிக்காது.

விழுந்து எழுந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் பெட்ரோல் காக்கை மூடுங்கள், சாவியை அணையுங்கள். உங்கள் கை, காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலது கெண்டைக்கால் சைலன்சரில் சுட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள்.

வண்டி சாய்ந்து கிடந்ததால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்து எஞ்சினில் நிறைந்திருக்கும். காக் மூடியபடியே சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து ஐந்தாறு தடவை கிக். பிறகு காக், சாவி திறந்து, ஆக்சிலேட்டரை மூடி மறுபடி கிக். அதற்கும் வரவில்லை என்றால் ஹேண்டிலில் எஞ்சின் நிறுத்தும் ஸ்விட்ச் உள்ள வண்டியா, அது விழும்போது அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹேண்டில் கோணலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். முன்சக்கரத்தை இரு முழங்காலுக்கிடையில் கவ்வி, ஹேண்டிலைக் கோணலுக்கு எதிர்ப்பக்கம் வெட்டி இழுத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். மெக்கானிக்கை இங்கே மகானிக்கா என்பார்கள். எந்தச் சந்தையடியிலும் ஒருவர் இருப்பார்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

மூன்றாவது கியரில் 30-இல் ஓட்டிக்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்கத் திறங்கள். சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிடி நுனியில் 10 முதல் 15 மி.மீ. தளர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கேபிளைத் தளர்த்தினாலே சரியாகலாம். பழகும் காலத்தில் பாதிக் கிளட்சிலேயே ஓட்டுவதால் பிளேட் தேய்வதும் சகஜம்.

சத்தமும் கூடவில்லை, இழுவையும் இல்லை என்றால் ஏர் ஃபில்ட்டர். புழுதிக் காலத்தில் 500 கி.மீ.க்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் உயரம் காரணம். கிசோரோ சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் கடல் மட்டத்தில் கிடைக்கும் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே காணாமல் போகும். பிளக் முனை காய்ந்த கரியாய்க் கறுத்திருந்தால் பெட்ரோல் கலவை கூடுதல் என்று பொருள். மலையிலேயே குடியிருப்பவர்கள் செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் ஏற்றம் எளிதாகும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும்.

திடீரென்று திக்கித் திக்கி ஓடினால் கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்று யோசியுங்கள். ரோட்டோரத்தில் தண்ணீர் பாட்டிலில் விற்பதில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ கலந்திருக்கலாம். அவசரத்துக்கு அரை லிட்டர் போதும், மீதி பங்க்கில்.

செயின் கழன்று விழுகிறது, டியூப் அடிக்கடி போகிறது

செயின் கவரின் ரப்பர் மூடியைத் திறந்து, கீழ் இழையின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். 25 முதல் 35 மி.மீ. ஆட்டம் சரி. இறுக்கும்போது இரு பக்க அடையாளக் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். புழுதியும் தடித்த கிரீஸும் சேர்ந்தால் சாணைப் பசை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலை மெல்லியதாகத் தடவுங்கள். செயினின் இணைப்பைப் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒரு குச்சி பட்டாலே கழன்றுவிடும்.

டியூப் வால்வு ரிம்மில் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், காற்றுக் குறைவால் டயர் ரிம்மில் நகர்ந்து டியூபை இழுத்துக்கொண்டு போகிறது. இன்றோ நாளையோ வால்வின் அடியில் கிழியும். காற்றை முழுக்க இறக்கி, டயரைப் பின்னுக்குத் திருகி நேராக்கிவிட்டு நிரப்புங்கள். முள் நிறைந்த வடக்குப் பக்கம் போனால் ஒரு டியூப், இரண்டு டயர் நெம்பி, ஒரு கைப்பம்பு கூடவே வேண்டும்.

எங்கிருந்தோ ‘டிக் டிக்’ சத்தம்

ஸ்போக்ஸிலிருந்து தொடங்குங்கள். சக்கரத்தைச் சுழற்றியபடி சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி ‘டிங்’கென்று தெளிவாக ஒலிக்கும், தளர்ந்தது மொத்தையாக ‘தொக்’ என்னும். தளர்ந்த ஒன்றை விட்டுவைத்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போய், அவை வரிசையாக உடையும். கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள், ரிம் கோணிவிடும். இரண்டு மூன்றுக்கு மேல் தளர்ந்திருந்தால் மகானிக்காவிடம் கொடுத்து ரிம்மை நேர்பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து சைலன்சரை எஞ்சினோடு பிணைக்கும் நட்டுகள், பின் கேரியர் போல்ட், நம்பர் பிளேட், கண்ணாடிக் காம்பு. வரிவரி ரோட்டில் ஓடிய அன்று மாலை, எஞ்சின் ஆறிய பிறகு, 10, 12, 14 நம்பர் ஸ்பானர்களோடு ஒரு சுற்று வந்தால் இவை அனைத்தும் கைக்குள் இருக்கும். இறுக்கியபின் நட்டிலிருந்து உலோகத்துக்கு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். மறுநாள் கோடு உடைந்து தெரிகிற இடத்தில் மட்டும் ஸ்பானர் வைத்தால் போதும்.